படம் வராது, முதலாளி

வெள்ளைத்துரை முதலாளிக்குத் தன் குரல்மேல் அபார நம்பிக்கை. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்களில் அவரைவிடப் பெரிய கைகள் பத்துப் பேராவது இருப்பார்கள். தொண்டையில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தத் தொண்டையை வீணாக்கக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட, 'மணக்கும் மலை' என்று இணையத்தில் ஒரு சேனல் ஆரம்பித்து வாரத்துக்கு இரண்டு வீடியோ போட்டுக்கொண்டிருந்தார். ஒழுக்கம், உழைப்பு, அதிகாலையில் எழுவது, எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்ப்பது என்று அவர் தொடாத விஷயம் இல்லை. சேனலில் முந்நூற்று நாற்பது பேர் சேர்ந்திருந்தார்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதி அந்தச் சொந்தக்காரர்களின் இரண்டாவது செல்போன்கள்.

இணையத்தில் ஆள் குறைந்தால் என்ன, கைவசம் முப்பத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். வீட்டை ஒட்டியே கட்டியிருந்த குடோனில் வரிசையாக உட்கார்ந்து, சொளகில் காயைப் பரப்பி, பருத்தது, சிறுத்தது, வெடித்தது, வெளுத்தது என்று பிரிக்கிறவர்கள். காலையில் உள்ளே நுழையும்போதே செல்போனை வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிட வேண்டும். வேலை நேரத்தில் பேசக் கூடாது. பேசினால் கண் தப்பும், கண் தப்பினால் நல்ல பச்சைக் காயோடு வெளுத்தது கலந்துவிடும் என்பது முதலாளியின் கொள்கை. ஆகவே அங்கே சுவரில் மாட்டியிருந்த பெட்டி மட்டும்தான் பேசும். பெட்டிக்குள் முதலாளி மட்டும்தான் பேசுவார்.

அந்தப் பெட்டிக்கு வயது இருபதுக்கு மேல். முதலாளியின் தங்கை மகன் ஒருவன் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த புதிதில் செய்து கொடுத்தது. ஆபீஸ் அறையிலிருக்கும் கம்ப்யூட்டர், டெலிபோன் கம்பி வழியாக ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குச் சத்தத்தை அனுப்பும். ஒன்று குடோன். இன்னொன்று போடிமெட்டுக்கு மேலே இருக்கும் அவருடைய எஸ்டேட்டில், காய் உலர்த்தும் ஸ்டோர். மலைக்குப் போகிற கம்பி மெலிசானது, அதில் கொஞ்சமாகத்தான் போகும் என்பதால், அந்தக் காலத்தில் உலகமே பயன்படுத்திய ரியல் ஆடியோ என்கிற வகையில் சத்தத்தை நசுக்கி அனுப்புகிற மாதிரி ஏற்பாடு செய்திருந்தான். பிறகு பையன் வெளிநாடு போய்விட்டான், உலகமும் அந்த வகையை மறந்துவிட்டது. பெட்டி மட்டும் மறக்கவில்லை. வேறு எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்காது. நன்றாக இருக்கும் பொருளை எதற்கு மாற்ற வேண்டும் என்று முதலாளியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதனால் அவருடைய ஒவ்வொரு வீடியோவையும் இணையத்திலிருந்து இறக்கி, பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் தேவி. முப்பத்திரண்டு பேரில் ஒருத்தி. கல்யாணத்துக்கு முன்னால் தேனியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். மூன்று வருஷமாக, காலையில் அரை மணி நேரம் ஆபீஸ் அறையில் முதலாளியின் பேச்சை மாற்றுவாள், பிறகு வந்து மற்றவர்களோடு சொளகைப் பிடித்துக்கொண்டு அதே பேச்சை நாள் முழுக்கக் கேட்பாள். பெட்டி ஒரு பேச்சு முடிந்தால் அதையே மறுபடி ஆரம்பிக்கும். எண்ணெய்ப் பலகாரப் பேச்சை அவள் எண்பது தடவையாவது கேட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வடை தின்ன ஆசை வந்தது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. குடோனில் கழிப்பறை கிடையாது. பெண்கள் பஜாரைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டணக் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். போக வர இருபது நிமிஷம். இப்படி நேரம் வீணாகிறது என்று மூன்று மாசத்துக்கு முன் முதலாளி ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் யாரும் வெளியே போகக் கூடாது.

சட்டத்தில் மாட்டிக்கொண்டவள் வேலுத்தாய். ராசிங்காபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். ஐம்பத்தாறு வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. தேவிக்குப் பக்கத்து இடம், உறவு எதுவும் இல்லாவிட்டாலும் தேவி அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். வேலுத்தாயின் விரல்களுக்குக் காயைத் தொட்டாலே தரம் தெரியும். குடோனில் அப்படி இன்னொரு கை கிடையாது. ஆனால் அவளால் இரண்டு தடவையோடு நிறுத்த முடியவில்லை. மூன்றாவது தடவை, நான்காவது தடவை என்று போய்க்கொண்டிருந்தாள். போன வாரம் முதலாளி அவளை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு, ஒண்ணாந்தேதியிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. வேலுத்தாய் அழவில்லை. வேறு எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று மட்டும் இரண்டு பேரிடம் விசாரித்தாள். 

இந்த நேரத்தில் கொச்சியில் ஒரு கம்பெனி, காய் வாங்குவதற்கு முன்னால், உங்கள் பெண் தொழிலாளர்களுக்கு என்னென்ன வசதி செய்து கொடுத்திருக்கிறீர்கள் என்று முதலாளியிடம் கேட்டது. கேட்டதும் முதலாளி பதறவில்லை, வீடியோ எடுத்தார்.

அந்த வீடியோவைத் திங்கட்கிழமை காலையில் தேவியிடம் மாற்றச் சொன்னார். அவள் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து இறக்கி ஓடவிட்டாள். முதல் நாலு நிமிஷம் பெண்மையின் பெருமை. சரிதான் என்று கொட்டாவி விட்டாள். ஐந்தாவது நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதலாளி கையில் செல்போனைப் பிடித்தபடி நடந்துகொண்டே பேசுகிறார். "நமது தாய்மார்களுக்காகவே கட்டப்பட்ட நவீன கழிப்பறை. குடோன் வாசலில் இறங்கி, இந்த முன்வாசல் வழியாக உள்ளே வந்து, சாமி படத்துக்கு எதிரே இடது பக்கம் திரும்பினால் போதும். காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை கதவு திறந்தே இருக்கும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம்." பின்னாலேயே ரோஸ் நிற டைல்ஸ், பளபளவென்று குழாய், வெந்நீர் இயந்திரம்.

அது முதலாளி வீட்டுப் புதுக் குளியலறை. மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காகத் தை மாசம் கட்டியது. கொல்லைப்புறத்துப் பழைய அறையைத்தான் வீட்டில் எல்லாரும் பயன்படுத்தினார்கள். இதன் கழிப்பறைக் கோப்பை மூடியில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

தேவி சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும்போது முதலாளியே உள்ளே வந்தார். மலைக்குப் போகக் கிளம்பி நின்றார், வெளியே டிரைவர் சுருளியின் ஜீப்பு உறுமிக்கொண்டிருந்தது. அவர் திரையைப் பார்த்தார், அதில் டைல்ஸைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார்.

"ஏம்மா, இந்தப் பாத்ரூம் படம் பெட்டியில வராதுல்ல?"

தேவி அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதர் உண்மையிலேயே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. படம் இருக்கிற இடத்தில் படம், பேச்சு இருக்கிற இடத்தில் பேச்சு. உட்கார்ந்து பேசுவதுதான் பேச்சு. கழிப்பறையைச் சுற்றிக் காட்டியது படம். பெட்டிக்குப் படம் போகாது, ஆகவே கழிப்பறையும் போகாது. இருபது வருஷமாகப் பெட்டியில் பேசுகிறவர், பெட்டிக்குள் தன் பேச்சு எப்படிப் போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"படம் வராது, முதலாளி," என்றாள் தேவி. "ஒரு துளிகூட வராது."

"அப்பச் சரி. வெரசா மாத்திப் போட்டுவிடு. மலையில போயிக் கேக்குறேன்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நல்ல பேச்சாக இருந்தால் அதை எஸ்டேட் ஸ்டோரில் நின்று, கூலி ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது அவருக்கு ஒரு இன்பம்.

தேவி பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். பிறகு சொன்ன வேலையையும் சொன்னபடியே செய்தாள். வீடியோ கோப்பிலிருந்து முதலில் சத்தத்தைத் தனியே பிரித்தாள். அதைப் பழைய மாற்றியில் போட்டு, ஒற்றைச் சேனல், மனிதக் குரல், மெலிசான கம்பிக்கு ஏற்ற அளவு என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தாள். டீத்தூள் வடிகட்டியில் தங்குவது மாதிரி படமெல்லாம் மேலே நின்றுவிட்டது, குரல் மட்டும் இறங்கியது. கோப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, தன் செல்போனைக் கூடையில் போட்டுவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையாக வந்து வேலுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒன்பது மணிக்குப் பெட்டி பேச ஆரம்பித்தது. முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. பெட்டி பேசுவதைக் கவனிக்காமல் இருக்க அங்கே எல்லாரும் நன்றாகப் பழகியிருந்தார்கள். இரண்டாவது தடவை வந்தபோது, எதிர் வரிசை ஜக்கம்மாள் சொளகைத் தட்டுவதை நிறுத்தினாள். மூன்றாவது தடவை குடோனே கையை நிறுத்திவிட்டுக் கேட்டது. சாமி படத்துக்கு எதிரே, இடது பக்கம் என்று பெட்டி அழுத்தமாகச் சொன்னது. முப்பத்தொரு முகங்கள் வேலுத்தாயைப் பார்த்தன.

வேலுத்தாய் தேவியிடம் மெல்லக் கேட்டாள். முதலாளி நெசமாகவே சொல்கிறாரா, இல்லை பெட்டிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று. பெட்டிக்குச் சொந்தமாகப் பேசத் தெரியாது, அவர் பேசியதைத்தான் பேசும் என்றாள் தேவி. வேலுத்தாய் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

முன்வாசலில் அவளைப் பார்த்த கற்பகம், முதலாளியின் மனைவி, எங்கே இப்படி என்று கேட்டாள். வேலுத்தாய் பணிவாகச் சுவர்ப்பக்கம் கையைக் காட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கணீரென்று வந்துகொண்டிருந்தது. கற்பகம் அந்தக் குரலை இருபது வருஷமாகச் சுவர் வழியாகக் கேட்டு அலுத்தவள், காது கொடுப்பதை எப்போதோ விட்டிருந்தாள். இப்போது கொடுத்தாள். தன் வீட்டு முன்வாசலையும் சாமி படத்தையும் புருஷன் ஊருக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டாள். கட்டி முடித்த நாளிலிருந்து அந்த வெந்நீர்க் குழாயில் ஒரு தடவை குளித்துப் பார்க்கிறேன் என்று அவள் கேட்டு, வருகிறவர்களுக்கு வைத்திருப்பதைத் தொடாதே என்று அவர் விரட்டியிருந்தார். அந்த ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை. கற்பகம் நேரே போய்ப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தெடுத்தாள். விளக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு, குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் சுடுதண்ணீர் என்பதையும் விளக்கினாள்.

பதினோரு மணிக்குள் முன்வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு. தெருவில் போகிற வியாபாரிகள் நின்று, வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மலையில் நடந்ததைச் சுருளி பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தான். முதலாளி ஸ்டோர் வாசலில் மார்பில் கையைக் கட்டி நின்றாராம். நாலு நிமிஷம் பெண்மையின் பெருமையைக் கேட்டுத் தலையாட்டினாராம். ஐந்தாவது நிமிஷம் தலை அப்படியே நின்றுவிட்டதாம். காய் கொட்ட வந்திருந்த நாற்பது பெண்கள் அவரையே பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, பாதி மலையாளத்தில், எங்களுக்கு இது எவிடே முதலாளி என்று கேட்டே விட்டாளாம்.

உடனே நிறுத்தச் சொல்லலாம் என்றால், ஸ்டோரின் டெலிபோன் கம்பியில் அவருடைய குரலே ஓடிக்கொண்டிருந்தது. அது முடிகிற வரை வேறு யாரும் அதில் பேச முடியாது, அதுவோ முடிவதே இல்லை. போடிமெட்டுக்கு வந்ததும் செல்போனில் சிக்னல் கிடைத்தது. தேவிக்கு அடித்தார். தேவியின் செல்போன் கூடைக்குள் கிடந்து மணியடித்தது, வேலை நேரத்தில் அதைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவர் அவர். மனைவிக்கு அடித்தார். கற்பகம் பத்தாவது ஆளுக்கு வெந்நீர்க் குழாயைக் காட்டிக்கொண்டிருந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அடித்துப் பார்த்துக்கொண்டே இறங்கினார் பாவம், மலையடிவாரத்து முந்தலுக்கு வந்து சேரும்போது செல்போனில் சார்ஜும் போய்விட்டது.

பன்னிரண்டரைக்கு வந்து இறங்கினார். செருப்பு வரிசையைத் தாண்டி உள்ளே போனார். வரிசையில் நின்ற மூன்று பெண்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டு முன்பக்கத்து ஆபீஸ் அறைக்குள் போய், முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் ஓடிய பேச்சை நிறுத்தி, செல்போனைச் சார்ஜில் சொருகிவிட்டு, தேவியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"படம் வராதுன்னு சொன்னயே?"

"படம் வரலயே, முதலாளி," என்றாள் தேவி. "குரல்தான வந்துச்சு."

முதலாளி அவளைத் திட்டுவதற்கு ஒரு காரணம் தேடினார். சொன்னதைச் சொன்னபடி செய்தவளை என்னவென்று திட்டுவது. கொச்சிக்காரர்கள் வேறு காலையிலேயே வீடியோவைப் பார்த்துவிட்டு, ரொம்பத் திருப்தி என்று எழுதியிருந்தார்கள். இருந்தாலும் இதை இன்றே ஒழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். புதிதாக ஒரு பேச்சுப் பேசுகிறேன், காலையில் சொன்னது கட்டடம் முழுசாக முடிந்த பிறகுதான், அதுவரை பழைய சட்டமே என்று சொல்லிவிடுகிறேன், உடனே மாற்றிப் பெட்டியில் போட்டுவிடு என்றார். காலையிலிருந்து சிரித்த சிரிப்பெல்லாம் ஒரே வாக்கியத்தில் முடியப்போகிறது என்று தேவிக்குத் தெரிந்தது.

முதலாளி சார்ஜில் இருந்த செல்போனைப் பதிவில் போட்டு மேஜைமேல் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாய்மார்களே, ஒரு சிறிய திருத்தம்," என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து எதிரே இருந்த குளியலறைக் கதவு திறந்து வேலுத்தாய் வெளியே வந்தாள். அது அவளுக்கு மூன்றாவது தடவை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தவள், முதலாளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அறை வாசலுக்கே வந்துவிட்டாள். அவர் பேச்சு நின்றது.

"முதலாளி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்," என்றாள் வேலுத்தாய். "நாலு வருசமா நான் வீட்ல கெளம்புனா, திரும்பிப் போயிச் சேர்ற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. குடிச்சாப் போகணுமேன்னு பயம். சர்க்கரைக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்துல ஒட்டிக்கிரும். இங்க உள்ளவள்க எல்லாருமே அப்பிடித்தான், யாரும் சொல்றதில்ல. இன்னைக்குப் பத்து மணிக்கு ஒரு சொம்புத் தண்ணி குடிச்சேன், நெறைய. ஒண்ணாந்தேதிக்கு மேல நான் வரலைனாலும் பரவால்ல, இவள்க குடிக்கட்டும்."

கும்பிட்டாள். பின்னால் வரிசையில் நின்ற மூன்று பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கதவோரத்தில் கற்பகம் வந்து நின்றாள். முதலாளி குடோனில் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார். அது வாரக்கணக்கில் தீராமல் இருப்பதைப் பார்த்து, நம் ஆட்கள் எவ்வளவு சிக்கனம் என்று ஒரு வீடியோகூடப் போட்டிருந்தார்.

"சரி, சரி," என்றார் கடைசியில், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. "ஒண்ணாந்தேதியும் வா. அதுக்கடுத்த ஒண்ணாந்தேதியும் வா. யாரு வேணாம்னா. போயி உக்காந்து சோலியப் பாரு."

வேலுத்தாய் போனாள். அப்போதுதான் மேஜைமேல் செல்போன் ஓடிக்கொண்டிருப்பது அவர் கண்ணில் பட்டது. ஆரம்பித்த பேச்சை எப்படியாவது முடித்தாக வேண்டுமே என்று, அதை நோக்கிக் குனிந்து, "ஆகவே தாய்மார்களே, கதவை மெதுவாகச் சாத்துங்கள். விளக்கை அணைத்துவிட்டு வாருங்கள்," என்று சொல்லி அணைத்தார்.

பிறகு பழைய முதலாளி மெல்ல மெல்லத் திரும்பி வந்தார். ஆரம்பத்தில் தாய்மார்களே என்றதையும், கடைசியில் கதவைப் பற்றிச் சொன்னதையும் மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் அவள் பேசியதையும் தான் ஒண்ணாந்தேதியைப் பற்றிச் சொன்னதையும் வெட்டிவிடச் சொன்னார். ஒரு வேகத்தில் வாயில் வந்தது அது, பெட்டியில் ஏறிவிட்டால் பிறகு சட்டம் மாதிரி ஆகிவிடும், அதைச் சாவகாசமாக யோசிக்க வேண்டும் என்றார்.

தேவி செல்போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். மூன்று வருஷமாக அவருடைய ஒவ்வொரு பேச்சிலிருந்தும் இருமலை, தும்மலை, நடுவே வரும் ஏப்பத்தை, அவருக்கே தெரியாமல் மயிரிழை பிசகாமல் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தவள் அவள். தனக்கு இருமலே வருவதில்லை என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெட்டத் தெரியாதே, முதலாளி," என்றாள். "வந்தா முழுசாத்தான் வரும்."

அவர் அவளைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார், கதவோரத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். அப்படியே போட்டுத் தொலை என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

இரண்டு மணிக்குப் பெட்டியில் வேலுத்தாயின் குரல் வந்தது. இருபது வருஷத்தில் முதலாளியைத் தவிர வேறு யாரும் பேசாத பெட்டி அது. பின்னாலேயே, ஒண்ணாந்தேதியும் வா, அதுக்கடுத்த ஒண்ணாந்தேதியும் வா என்று அவர் சொன்னது குடோனில் முப்பத்திரண்டு பேருக்கும், மலைமேல் ஸ்டோரில் நாற்பது பேருக்கும், ஆறு மணிவரை திரும்பத் திரும்பக் கேட்டது. வேலுத்தாய் தன் குரலை நம்ப முடியாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவி குனிந்து காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முழுக்க அவள் சொன்ன ஒரே பொய் வெட்டத் தெரியாது என்றதுதான்.